மூன்றாம் தொட்டியின் சிவப்பு

லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் சிமெண்டுத் தொட்டி நிற்காது, அடியில் ஊற்றெடுத்துப் பிளந்துவிடும் என்றார்கள். பதினொரு தொட்டி கட்டினேன். இன்றுவரை ஒன்றில்கூட மயிரிழை விரிசல் கிடையாது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குப் படகு எதற்கு என்று கேட்டார்கள். இரண்டு ஃபைபர் படகு வாங்கினேன். சொந்தமாக வலை இல்லாதவன் கருவாட்டு வியாபாரம் செய்வானா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் மீனைத்தான் இருபத்தைந்து வருஷமாக விலை சொல்லி வாங்கி உப்புப் போடுகிறேன். புயல் இரண்டு முறை என் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு முறையும் ஒரு வாரத்தில் மறுபடி போட்டேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் பெண்கள் இருவரும் காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறார்கள். எவனிடமும் நான் கைகட்டி நின்றதில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. டி.என்.ஏ.வை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பார்த்து வெட்டுகிற கத்தி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கத்தி, என் மூன்றாம் தொட்டியில் பிறந்தது. அங்கே அப்படி ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டவன் நான். உலகம் படிக்கிற பத்திரிகையில் அதைப் பற்றி எழுதியவர் சென்னையில் ஒரு பேராசிரியர். அதில் நான் இல்லை, என் தொட்டியும் இல்லை. அவருக்கு நான் என்ன செய்தேன், இனி என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கருவாட்டு வேலை தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மீனை வயிறு கீறிக் குடலெடுத்து, உப்பும் மீனுமாக அடுக்கித் தொட்டியில் மூடிவைப்போம். மீன் நீர் விடும், உப்புக் கரையும், தொட்டி நிறைய உப்புத்தண்ணீர் நிற்கும். சரக்கை எடுத்ததும் மற்றவர்கள் அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டித் தொட்டியைக் கழுவுவார்கள். நான் ஒரு சாண் உயரத்துக்குப் பழைய தண்ணீரை விட்டுவைப்பேன், தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. உறைத்தண்ணீர் என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். மீன் சீக்கிரம் பதப்படும், ருசி ஏறும். ஆனால் அதில் ஒரு கேடும் உண்டு. கோடையில் தண்ணீர் சிவக்கும். முதலில் ரோஸ் மில்க் நிறம், பிறகு பீட்ரூட் சாறு. கருவாட்டின் மேல் சிவப்பாக ஒரு வழவழப்புப் படியும். ‘செவப்பு வுழுந்துச்சு’ என்போம். சிவப்பு விழுந்த சரக்கைப் பழவேற்காட்டில் என்னிடம் சரக்கெடுக்கிற பாய் தொடமாட்டார். தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். மூடிய கூடையை மோந்து பார்த்தே உள்ளே இருப்பது எந்த மாதத்து மீன் என்று சொல்லிவிடுவார்.

ஒரு கோடையில் ஐந்தாம் தொட்டி தானாகத் தெளிந்தது. முந்தாநாள் ரத்தமாக இருந்த தண்ணீர், வடிகட்டின டீ மாதிரி நிற்கிறது. வேறொருவனாக இருந்தால் மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தியோ அம்மனுக்கு ஒரு தேங்காயோ வைத்துவிட்டுப் போயிருப்பான். நான் ஒரு வாளியை எடுத்தேன். தெளிந்த தண்ணீரை மொண்டு ஆறாம் தொட்டியில் ஊற்றினேன். நாலாம் நாள் ஆறாம் தொட்டியும் தெளிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம் செய்தேன். எல்லாம் தெளிந்தன. மூன்றாம் தொட்டி மட்டும் அசையவில்லை. மூன்று முறை ஊற்றினேன். ஒருநாள் மங்கும், மறுநாள் சாயங்காலம் பழையபடி சிவந்து என்னைப் பார்க்கும்.

என் மனைவி தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து மீன் கீறிக்கொண்டே சொன்னாள்:

“மூணாந்தொட்டி மேல வேலிக்காத்தான் நெழலு வுழுது. வெயிலு படல, அதான் தெளியல. இன்னாமோ பெரிசா கண்டுபுடிச்ச மாரி நிக்கிற.”

அந்த வாய்தான் என்னை விஞ்ஞானி ஆக்கியது. நான்கு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவினேன். இரண்டில் மூன்றாம் தொட்டிச் சிவப்பு, இரண்டில் நான் இன்னும் வைத்தியம் செய்யாத பத்தாம் தொட்டிச் சிவப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு கரண்டி தெளிந்த தண்ணீர் விட்டேன். மற்றதில் ஒன்றும் விடவில்லை. நான்கையும் மதில்மேல் ஒரே வெயிலில் வரிசையாக வைத்தேன். நாலாம் நாள் பத்தாம் தொட்டியின் ஒரு பாட்டில் கண்ணாடியாகிவிட்டது. மற்ற மூன்றும் சிவப்பு. மூன்றாம் தொட்டித் தண்ணீருக்குத் தெளிந்த தண்ணீர் விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்று நன்றாகத்தான் பார்த்தாள்.

“சரி, நெழலு இல்ல. பாட்டில கழுவி வையி, மாங்கா போடணும்.”

நான் கழுவவில்லை. அடுத்த மாதம் பேராசிரியர் வந்தபோதும் அந்தப் பாட்டில்கள் மதில்மேல்தான் இருந்தன.

அவர் முகத்துவாரத்தில் சேறு எடுக்க வந்தவர். நான்கைந்து மாணவர்கள், ஒரு வாடகைப் படகு, ஒரு ஐஸ் பெட்டி. திரும்பும்போது என் தொட்டிகளின் நிறத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். மரியாதையாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு சிறு குப்பியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டு போயிருப்பார். நான்தான் சும்மா இருக்காமல் வைத்தியக் கதையைச் சொன்னேன். தெளிந்த தண்ணீர் எல்லாவற்றையும் தெளியவைத்ததையும் மூன்றாம் தொட்டி தெளியாததையும் சொல்லி, மதில்மேல் இருந்த பாட்டில்களைக் காட்டினேன்.

அவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “இப்படி விட்டதும் விடாததுமா ஜோடி வெச்சுப் பாக்கணும்னு யார் சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?” என்றார்.

“எம் பொண்டாட்டி வாயி சார்.”

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். சிவப்பு என்பது உப்பில் மட்டுமே வாழ்கிற பாக்டீரியா என்றார். தெளிந்த தண்ணீரில் அதைக் கொல்கிற வைரஸ் இருக்கிறது. பாக்டீரியாவுக்குக் காய்ச்சல் வரவைக்கிற வைரஸ். வாளியில் நான் மொண்டு ஊற்றியது அந்தக் காய்ச்சலைத்தான். மூன்றாம் தொட்டிக்காரனிடம் ஏதோ ஒரு ஆயுதம் இருக்க வேண்டும், வைரஸ் தன் டி.என்.ஏ.வை உள்ளே விட்டதும் அதைத் துண்டாக வெட்டுகிற நொதியாக இருக்கலாம் என்றார். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் என்று ஒரு பெயரைச் சொன்னார். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன், நான் எழுதாவிட்டால் அவர் எழுதுவார்.

“சார், எந்தத் தொட்டி, எந்த எடம்னு எதுலயும் எழுதிடாதீங்க. கருவாட்டுத் தொட்டில கிருமின்னு எவனாவது படிச்சான்னா பாய் சரக்கெடுக்க மாட்டாரு. பொழப்பு போயிடும்.”

“கவலைப்படாதீங்க பெரியவரே, எழுதலை” என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. கிருமி அவர்கள் பாட்டிலில் நன்றாக வளர்கிறது, ஆனால் கத்தி வெட்டவில்லை, புதுத் தண்ணீர் கொண்டுவர முடியுமா என்றார். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அது என்ன ஜூஸ் என்று கேட்டாள்.

ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த வேலையைச் செய்தது ஒரு மாணவி. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், காட்டூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்கு நாற்காலி போட்டவளும் அவள்தான், எல்லாவற்றையும் காட்டியவளும் அவள்தான். கிருமியை உடைத்து அதன் சாற்றை எடுக்கிறார்கள். ஒரு வைரஸின் டி.என்.ஏ. கடையில் விற்கிறது. அதில் சாற்றைக் கலந்து சூட்டில் வைக்கிறார்கள். பிறகு கடல்பாசிப் பசையில் செய்த ஒரு ஜெல்லித் தகட்டில் ஊற்றி மின்சாரம் விடுகிறார்கள். டி.என்.ஏ. ஜெல்லிக்குள் ஓடும். சின்னத் துண்டு தூரம் ஓடும், பெரிய துண்டு மேலேயே மாட்டிக்கொள்ளும். கண்ணி வலையில் பொடிமீன் நழுவிப் போவதும் பெரிய மீன் நிற்பதும் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்ததும் புரிந்துவிட்டது. வெட்டியிருந்தால் பல கோடுகள் தெரியவேண்டும். அவள் காட்டிய படத்தில் உச்சியில் ஒரே கோடு, தடியாக.

“எந்தச் சூட்டுலம்மா வெக்கிற?”

“முப்பத்தேழு டிகிரி ஐயா. நம்ம ஒடம்பு சூடு. முக்கால்வாசி என்சைமுக்கு அதான் வழக்கம்.”

“அது இன்னா உன் ஒடம்புலயா பொறந்துது? பகல் பன்னெண்டு மணிக்கு மூணாந்தொட்டில கைய வெச்சா தோலு வுரியும். உப்பு எவ்ளோ போடற?”

அவள் ஏதோ கணக்குச் சொன்னாள். நம் ரசத்தில் போடுகிற அளவுகூட வரவில்லை.

“சாறு எடுக்கறப்ப நெறைய உப்புல வெக்கறோம் ஐயா. வெட்ட விடறப்பதான் கொறைக்கறோம். உப்பு அதிகமானா டி.என்.ஏ. ஓட்டம் சரியா வராதுன்னு.”

“உப்புலயே பொறந்து வளந்தவன நல்ல தண்ணில நிக்கவெச்சு வேல வாங்கினா செய்வானா? முங்கித்தான் போவான். சூட்டையும் ஏத்து, உப்பையும் ஏத்து.”

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கி, செய்து பார் என்றார். எட்டுக் குழாய் வைத்தாள், சூடு நான்கு வகை, உப்பு இரண்டு வகை. நான் கேண்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஜெல்லித் தகட்டை விளக்குமேல் வைத்துக் கூப்பிட்டாள். ஏழாவது குழாயின் தடத்தில் ஐந்து கோடுகள், படி வைத்த மாதிரி. ஓரம் கொஞ்சம் மங்கல், ஆனால் ஐந்து. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை இன்று நினைத்தாலும் தோள் எரிகிறது.

டீ வந்தது. கத்தி வைத்திருக்கிற கிருமி தன் சொந்த டி.என்.ஏ.வை ஏன் வெட்டிக்கொள்வதில்லை என்று நான் கேட்டேன். தன்னுடையதில் அந்தந்த இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவைத்திருக்கும், அடையாளம் இல்லாததைத்தான் வெட்டும் என்றார் பேராசிரியர். நான், “பாடு மாரின்னு சொல்லுங்க” என்றேன். பாடு என்றால் என்ன என்று கேட்டார். ஏரியில் வலை கட்டுகிற இடங்களைப் பங்கு பிரித்துச் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள், அதுதான் பாடு. உரிமைக்காரனின் மிதவையில் அவனவன் துணி அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லாத வலை முறைக்காரனின் இடத்தில் கிடந்தால் அறுத்துவிடுவார்கள். இருபது வயதில் கடன் வாங்கி நான் கட்டிய முதல் வலையை அப்படித்தான் அறுத்தார்கள். துண்டு துண்டாக மிதந்ததைப் பொறுக்கிக்கொண்டு கரையேறினேன். அறுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பின்னால் ஒருவர் விடாமல் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு என் தொட்டிக்கு வந்தார்கள். நான் விலை சொன்னேன், அவர்கள் தலையாட்டினார்கள். இந்தக் கதையை அவரிடம் முழுசாகச் சொன்னேன். பாடு முறையை மட்டும் கேட்டுக்கொண்டார், பின்பாதியை விட்டுவிட்டார். என்னைப் பகைத்தால் என்ன ஆகும் என்பது பின்பாதியில்தான் இருந்தது.

பிறகு போன் குறைந்தது. அந்தப் பெண் மட்டும் எப்போதாவது பேசுவாள். கத்தி எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துதான், அவை ஆறு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வரிசையில் வந்தால் அங்கே மட்டும் வெட்டும். எத்தனை லட்சம் எழுத்து ஓடினாலும் அந்த ஆறைக் கண்டால்தான் நிற்கும். எங்கள் கொட்டகையில் திருக்கை அறுக்கிற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கணுவில் கத்தி வைப்பது நினைவுக்கு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் அவளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் கிருமி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் கத்தியைத் தொலைத்துவிட்டது என்றாள். பாட்டில் மாற்றிப் பாட்டில் மாற்றி வளர்த்ததில், சண்டை போட வைரஸே வராததால், அந்தக் கத்தியைச் செய்கிற திறமை போய்விட்டது. சேமிப்பில் வைத்த குப்பிகளிலும் அதே கதை. அவள் பட்டத்துக்கு மீதி வேலை அந்தக் கத்தியில்தான் இருந்தது. மூன்றாம் தொட்டியிலிருந்து மறுபடி தண்ணீர் வேண்டும்.

“எதிராளி இல்லாட்டி எவன்மா கத்தியத் தீட்டி வெப்பான்? தரேன். மொதல்ல சார் எழுதினத காட்டு.”

பையிலிருந்து எடுத்தாள். ஆங்கிலம். தமிழில் சொல்லச் சொன்னேன். கிருமி கிடைத்த இடம் என்ற வரிக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது.

“பழவேற்காடு ஏரி முகத்துவாரச் சேறு.”

“இன்னா?”

“சேறுன்னுதான் ஐயா போட்டிருக்கு.”

“மேல படி. சூடு, உப்பு?”

“பல சூட்டிலும் பல உப்பு அளவிலும் சோதித்ததில்னு போட்டிருக்கு.”

“கடசில நன்றின்னு ஒண்ணு போடுவாங்களாமே. அத படி.”

படித்தாள். ஜெல்லித் தகட்டைப் படம் எடுத்தவர், ஆங்கிலம் திருத்தியவர், வாடகைப் படகுக்காரர். படகுக்காரரின் முழுப் பெயரும் இருந்தது. நான் இல்லை. அதற்கு முந்தின மாதம் ஒரு கூட்டத்தில் அவர் பேசிய வீடியோவையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மிதவையில் துணி அடையாளம், பாடு, அறுபட்ட வலை, எல்லாம் அவர் வாயில் வந்தது. கைதட்டுகிறார்கள். அவர் தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறார்.

நான் கத்தவில்லை. எழுந்து போய், மறுபடி சிவந்திருந்த ஆறாம் தொட்டியில் பாட்டிலை முக்கி எடுத்து, துடைத்து, மூடி இறுக்கிக் கொடுத்தேன். தொட்டிகளில் எண் எழுதிவைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. சிவப்பு எல்லாம் ஒரே சிவப்புதான். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தாள்.

“ஐயா, இதுல ஒண்ணுமே வெட்டலையே.”

“ஏரிச் சேத்துல போய்ப் பாரும்மா. பேப்பர்ல அப்படித்தான போட்டிருக்கு.”

“சரி ஐயா” என்று வைத்துவிட்டாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். நான் சொன்னதை அப்படியே பேராசிரியரிடம் சொன்னாலே போதும் என்றிருந்தேன்.

அவருக்கு வேறு பக்கத்திலிருந்தும் குத்து விழுந்துகொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு வெளியூர் ஆட்கள் வந்து முகத்துவாரத்தில் சேறு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் கிருமியை அனுப்புங்கள் என்று கடிதம் மேல் கடிதம். அனுப்ப அவரிடம் கத்தியுள்ள கிருமி இல்லை. இருக்கிறதா, இல்லை கதை விட்டாரா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சேறு என்று எழுதியவரைச் சேறே பார்த்துக்கொண்டது. என் கைவேலை அதில் பாதிதான்.

ஆறாம் மாதம் அவரே காரில் வந்தார். பின்னால் அந்தப் பெண். கொட்டகையில் உட்கார வைத்து டீ கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை.

“பெரியவரே, நீங்கதான எழுத வேணாம்னு சொன்னீங்க?” என்றார்.

“சொன்னேன் சார். தொட்டிய மறைக்கச் சொன்னேன். ஆள மறைக்கச் சொன்னனா? சேறுன்னு எழுதச் சொன்னனா?”

“எடுத்த எடம்னு ஒண்ணு போட்டே ஆகணும். தொட்டின்னு போட்டா எந்தத் தொட்டின்னு கேப்பாங்க. உங்களைக் காப்பாத்தத்தான் அப்படிப் போட்டேன்.”

“நன்றில படகுக்காரன் பேரு கீதே, அது யாரக் காப்பாத்த?”

அவர் டீயைப் பார்த்தார். உள்ளேயிருந்து என் மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

“அவரு கேக்கறதுல தப்பு இன்னா? அன்னிக்கு நீதான் எழுதாத எழுதாதன்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சின.” எனக்கு ரத்தம் ஏறியது. அதற்குள் அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். “நீயும் இன்னா சார், ஒரு கெழவன் சொன்னான்னு பொய் எழுதிடுவியா? படிச்சவன்தான நீ?”

ஒரு விழா வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார்.

“பொன்னாட எங்கூட்டுல ஏற்கெனவே மூணு கீது சார். எலி கடிச்சிட்டு நூலு தொங்குது. அச்சுல போடுங்க. திருத்தம்னு ஒண்ணு போடலாமாமே, இந்தப் பொண்ணு சொல்லிச்சு.”

“அது லேசில்லை. சேறுன்னு எழுதினது பொய்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். என் மத்த வேலையையும் சந்தேகப்படுவாங்க. இருபது வருஷ வேலை பெரியவரே.”

“என் வேல இருபத்தஞ்சு வருஷம் சார்.”

பிறகு சொன்னேன், போன தடவை கொடுத்தது ஆறாம் தொட்டித் தண்ணீர் என்று. வேண்டுமென்றே கொடுத்தேன் என்று. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு இனித்தது, மறைப்பானேன். ஆனால் பதில் சொன்னது அவரல்ல, பின்னால் நின்ற பெண்.

“ஆறு மாசம் ஐயா. தெனம் காலைல ஆறரைக்கு வந்து, ஒண்ணும் இல்லாத தண்ணியச் சோதிச்சுக்கினு இருந்தேன்.”

“உன்ன இல்லம்மா, அவர...”

“அவருக்கு வேலை நிரந்தரம். உதவித்தொகை முடியறது எனக்கு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “அடையாளம் பாக்காம என்னையும் சேத்துத்தான் அறுத்துட்டீங்க.”

என்னிடம் அப்படிப் பேசியவர்கள் இந்தக் கரையில் இல்லை. அவள் அழவில்லை, காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேராசிரியர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அன்றைக்கும் நான் தண்ணீர் தரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அச்சில் என் தொட்டி வந்தால் பாய்க்குத் தெரியும். என் வாயாலேயே முதலில் சொல்லிவிடுவோம் என்று பழவேற்காட்டுக்கு நடந்தே போனேன். கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டே கருவாட்டைத் தட்டித் தட்டி அடுக்கினார்.

“செவப்பு வுழுந்த சரக்குதான? பத்து வருசமாத் தெரியும் அண்ணாத்தே.”

“தெரியுமா?”

“செவப்பத் தொடச்சிட்டு மேல உப்பத் தூவி அனுப்புவீங்க. வண்டில ஏத்தறப்பவே அத்த மட்டும் தனியாக் கட்டிடுவேன். கோழித் தீவனத்துக்குப் போவுது. நீங்க எனக்குத் தெரியாதுன்னு உஷாரா இருந்தீங்க, நான் உங்களுக்குத் தெரியாதுன்னு உஷாரா இருந்தேன். இதுல பேஜாராவ இன்னா கீது?”

பத்து வருஷம். இல்லாத ரகசியத்துக்காகத்தான் அன்றைக்கு அவரிடம் எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்த ஒரு கெஞ்சலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் என்னை அழித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் என்மேலும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தால் அவர்மேல் இருந்த கோபம் குறைந்துவிடவில்லை.

அன்றிலிருந்து மூன்றாம் தொட்டியில் மீன் போடுவதை நிறுத்திவிட்டேன். வேலிக்காத்தானை வெட்டினேன். மேலே வலை போட்டுப் பூட்டினேன். பத்து நாளைக்கு ஒரு முறை கல்லுப்பும் மீன் கழிவும் போடுகிறேன். மாதம் ஒரு முறை தெளிந்த தண்ணீர் ஒரு கரண்டி விடுகிறேன். எதிராளி வந்துகொண்டே இருக்கட்டும், கத்தி கூராகவே இருக்கட்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போய் மூன்று மாதம் ஆகிறது. வேறு இரண்டு ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து ஆள் வந்தார்கள், நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்கள். அவர்களுக்கும் இல்லை என்றேன். இன்னொருவர் கொண்டுபோய் வேறு கதை எழுதினால் பழைய பொய் அப்படியே நின்றுவிடும். எழுதியவர் கையால்தான் அது திருந்தவேண்டும்.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். என்ன செய்தால் தீரும் என்று கேட்டேன். சாரைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டாள். அவளுக்கு நான் செய்தது தப்புத்தான். அதை நான்தான் தீர்க்கவேண்டும், தீர்ப்பேன்.

இதில் நான் என் பெயரை எழுதவில்லை, அவர் பெயரையும் எழுதவில்லை. பெயர் வரவேண்டிய இடம் இது இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அவருக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் சொல்லுங்கள். கிருமியின் பெயரிலோ கத்தியின் பெயரிலோ எனக்குப் பங்கு வேண்டாம். அதற்கு அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம், இருக்கட்டும். எந்தப் பத்திரிகையில் சேறு என்று எழுதினாரோ அதே பத்திரிகையில் அவர் கையெழுத்தோடு வரவேண்டியது இவ்வளவுதான்: இது ஏரிச் சேற்றில் கிடைத்ததல்ல, லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு கருவாட்டுத் தொட்டியின் உறைத்தண்ணீரில் கிடைத்தது. மற்ற சிவப்பைக் கொல்கிற தண்ணீர் இந்தச் சிவப்பைக் கொல்லாது என்று முதலில் சோதித்துப் பார்த்தவரும், எந்தச் சூட்டில் எந்த உப்பில் இது வெட்டும் என்று சொன்னவரும் அந்தத் தொட்டிக்காரர். அது அச்சில் வந்த அன்றைக்கே பூட்டைத் திறந்து, முதல் பாட்டிலை நானே ரயிலில் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பேன், அவர் கையில் அல்ல. அந்த வரிகளுக்குக் கீழே என் பெயர் இருக்கவேண்டும். முழுப் பெயர், முன்னால் என் நைனாவின் முதலெழுத்தோடு.